திரைக்கு ஒரு கட்டியங்காரன்

இந்த வாரம் கம்ப்யூட்டர் பற்றி எழுதப் போகிறேன். தலைப்பைப் பார்த்துக் கூத்து என்று நினைத்து வந்தவர்கள் ஓடிவிட வேண்டாம். கூத்தும் வரும். இரண்டும் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரே ராத்திரியில் சந்தித்துக்கொண்டன. ஏழாம் வகுப்பு மாணவனுக்குச் சொல்வது மாதிரி எனக்குச் சொல்லப்பட்ட விஷயம் இது. உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு அடி அண்ணாமலையில் இருந்த ஒன்றரை ஏக்கரைப் பார்த்துக்கொண்டார். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, வருவாய்த் துறையில் சேர்ந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றேன். அண்ணன் பகலில் ஏர் பிடிப்பார். கோடை வந்தால் ராத்திரியில் வேஷம் கட்டுவார். பக்கத்து ஊர் ஜமா ஒன்றில் கட்டியங்காரன். இருபத்திரண்டு வருஷம் அந்த ஒரே வேஷம்தான்.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெருக்கூத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. செய்யாறு பக்கம் புரிசையைத் தெரியாதவர்கள் யார்? புரிசை கண்ணப்பத் தம்பிரானுக்கு டெல்லியில் சங்கீத நாடக அகாடமி விருதே கொடுத்தார்கள். ஆனால் வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கூத்தில் துரியோதனனோ அர்ச்சுனனோ நேராகக் களத்துக்குள் நடந்து வந்துவிட முடியாது. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். அதன் பின்னால் நின்றுதான் வேஷக்காரர் பாடுவார். வெளியே நிற்கும் கட்டியங்காரன், வந்திருப்பது யார், எந்த தேசம் என்று கேட்பான், ஊருக்கு அறிவிப்பான், இடையில் இரண்டு நக்கல் அடிப்பான். அதன் பிறகுதான் திரை விலகும். விடிய விடிய நடக்கும் கூத்தில் யார் உள்ளே வருவது, யார் எங்கே நிற்பது, யார் எப்போது போவது எல்லாம் அவன் கையில். காலையில் ஊர் பேசுவது மட்டும் அர்ச்சுனனைப் பற்றியும் கர்ணனைப் பற்றியும்தான்.

இங்கே ஒரு பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். 1979ஆம் வருஷம் என்று நினைவு. ஆபீசில் ஒருவர், "நேத்து எங்க ஊர் பாரதத்துல கட்டியங்காரனா வந்தவர் உங்க அண்ணனாமே?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டார். கூத்தாடி என்பது அந்தக் காலத்தில் வசைச்சொல். "இல்லைங்க, அது வேற யாரோ" என்றேன். சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்டினேன். அன்றைக்கு என்ன ஃபைல் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

2016க்கு வருவோம். அண்ணனுக்கு 78 வயது. கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலில் இருந்தார். ராத்திரி தூக்கம் வராது. தாமாகவே பாடுவார், தாமாகவே கேள்வி கேட்டுத் தாமாகவே பதிலும் சொல்வார். ஒருநாள் நான் கேட்டேன், "அண்ணே, இதையெல்லாம் எழுதி வெச்சா என்ன?" அவர் உடனே, "நீ எழுதுவியா?" என்றார். அந்தக் கேள்வியில் எனக்கு மட்டும் 1979 கேட்டது.

எனக்குப் பேனா பிடித்தால் கை நடுங்கும். தட்டச்சு மட்டும் போகவில்லை. ஆகவே மடிக்கணினியில் அடிப்பது என்று முடிவாயிற்று.

மடிக்கணினி எனக்கு வந்த கதையும் உண்டு. 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அதில் ஒன்று கிடைத்தது. திறந்தால், விண்டோஸ் வேண்டுமா, பாஸ் லினக்ஸ் வேண்டுமா என்று கேட்கும். பாஸ் என்பது நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007இல் வெளியிட்டது. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கம். அந்தப் பெண் விண்டோஸ் பக்கமே போவாள். நான்தான் ஆர்வத்தில் அந்த இன்னொரு கதவைத் திறந்து பார்ப்பேன். மெனுவெல்லாம் தமிழில் வந்ததைக் கண்டு எனக்கு ஒரே சந்தோஷம். இதைப் பார்த்த அண்ணன் பேரன், அப்போது சென்னையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன், ரிச்சி தெருவில் ஒரு பழைய மடிக்கணினி வாங்கி, நினைவகம் குறைவு என்பதால் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். தேவையில்லாததையெல்லாம் கழித்துவிட்டேன் தாத்தா என்றான். அந்தக் கழித்த விஷயத்தில் ஒன்று பிறகு வேலையைக் காட்டியது.

ஆடிப் பௌர்ணமி அன்று. எங்கள் ஊர் கிரிவலப் பாதையில் மலைக்குப் பின்பக்கம் இருப்பது. பௌர்ணமி என்றால் பதினாலு கிலோமீட்டரும் மனிதத் தலைதான். மாலை ஐந்து மணிக்கு அண்ணன் சொல்ல ஆரம்பித்தார். வெளியே அரோகரா சத்தமும் சுக்குக் காப்பி விற்பவர் குரலும். உள்ளே அண்ணன், ஒவ்வொரு வேஷத்தையும் எப்படி அழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். துரியோதனன் வரும்போது என்ன கேள்வி, பாஞ்சாலி வரும்போது ஏன் நக்கல் கூடாது, மத்தளக்காரருக்கு எப்போது கண் காட்ட வேண்டும், செத்துப்போன ஒவ்வொரு வேஷக்காரரும் எந்த இடத்தில் சுருதி விடுவார். எட்டு மணி வரை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. சேமிக்கவும் இல்லை. கோப்புக்குப் பெயர்கூட வைக்கவில்லை. நான் அடித்தது நோட்பேட் மாதிரியான ஒரு சாதாரண எழுதும் நிரலில். தானாகச் சேமித்து வைக்கும் புத்தியெல்லாம் அதற்குக் கிடையாது.

எட்டு மணிக்குத் திரை ஒருமுறை துடித்தது. எழுதிக்கொண்டிருந்த ஜன்னலின் மேல்பட்டையைக் காணோம். மூடும் பெருக்கல் குறி, சிறிதாக்கும் கழித்தல் குறி எதுவும் இல்லை. சட்டத்தைக் கழற்றி எடுத்த ஜன்னல் மாதிரி வெறும் எழுத்து மட்டும் நிற்கிறது. விசையைத் தட்டினால் எழுத்து விழவில்லை. பிடித்து நகர்த்தலாம் என்றால் பிடிக்கவே இடமில்லை.

தெரிந்த சர்வீஸ் கடைப் பையன் ஒருவன் தெருவிலேயே இருந்தான். எட்டிப் பார்த்தான். "ஹேங் ஆயிடுச்சு சார். பவர் பட்டனை அழுத்திப் புடிங்க, ஆஃப் ஆகி ஆன் பண்ணா சரியாயிடும். இல்லன்னா நாளைக்கு எடுத்துட்டு வாங்க, ஃபார்மேட் அடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டான். நான் பட்டனில் விரலை வைத்துவிட்டேன்.

"அண்ணே, மூணு மணி நேரம் சொன்னது போயிடும் போல இருக்கு."

"போனா போவுது விடுடா. திரும்பச் சொல்றேன்."

சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது. திரும்பச் சொல்ல முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். விரலை அழுத்த மனம் வரவில்லை. பேரனுக்குப் போன் போட்டேன். பௌர்ணமி ராத்திரி எங்கள் தெருவில் செல்போன் எடுக்குமா? லட்சக்கணக்கில் ஜனம், எல்லார் கையிலும் ஒரு போன். மொட்டை மாடிக்குப் போனேன், கொல்லைக்குப் போனேன். கடைசியில் கைகொடுத்தது, கட்டணம் தண்டம் என்று வீட்டில் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்த பழைய லேண்ட்லைன். ஸ்பீக்கர் பட்டனை அழுத்திவிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சின்ன தாத்தா, பவர் பட்டன்ல கை வெச்சிருக்கீங்களா? முதல்ல எடுங்க."

"எடுத்துட்டேன்பா."

"அடிச்ச எழுத்து தெரியுதா?"

"தெரியுது."

"அப்ப ஒண்ணும் போகலை. மவுஸ் அம்பை அந்த எழுத்து மேல கொண்டுபோய் வைங்க. வெச்சுட்டுக் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அடிங்க."

அம்பு எங்கோ ஓரத்தில் கிடந்தது. எழுத்தின்மேல் கொண்டுவந்து வைத்துவிட்டு அடித்தேன். திரையின் இடதுபக்க மேல்மூலையில், தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் ஒரு சாம்பல்நிறப் பெட்டி முளைத்தது. கோப்புக்குப் பெயர் கேட்கிறது. தட்டினால் எழுத்து விழவில்லை. "அம்பை இப்ப அந்தப் பெட்டி மேல வைங்க தாத்தா" என்றான். வைத்தேன். எழுத்து விழுந்தது. நல்ல பெயரா யோசிக்கிற நேரம்? 123 என்று அடித்து என்டரைத் தட்டினேன். பெட்டி மறைந்தது. கோப்பு சேர்ந்துவிட்டது. எனக்கு வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

மூச்சு திரும்பிய பிறகுதான் கேட்டேன், என்னதான்டா ஆச்சு என்று. அவன் சொன்னான்.

"திரையில வரையறது, கீபோர்டு மவுஸ்ல நீங்க பண்றதை வாங்கறது, இது ரெண்டும் ஒரு ஆளோட வேலை. அவன் டிஸ்ப்ளே சர்வர். உங்க மெஷின்ல இருக்கறவன் பேரு எக்ஸ். நீங்க எழுதற நோட்பேட் தனி ஆளு, அது ஒரு புரோகிராம். ஜன்னலை எங்க வைக்கணும், எது மேல எது கீழ, சுத்திச் சட்டம் போடறது, நீங்க தட்டற எழுத்து எந்த ஜன்னலுக்குப் போகணும்னு சொல்றது, இதுக்கெல்லாம் மூணாவதா ஒரு ஆளு. விண்டோ மேனேஜர். இப்ப செத்தது அந்த மூணாவது ஆளு மட்டும்தான். மத்த ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

கட்டிலிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"கட்டியங்காரன்டா அவன்."

போனில் பேரன் ஒரு நொடி பேசவில்லை. பிறகு, "ஆமா தாத்தா! அதேதான்" என்றான்.

அண்ணன் விடவில்லை. "அப்ப சர்வர்ங்கறது களம், வெளக்கு, திரைத்துணி. நோட்பேட் வேஷக்காரன். சரியா? வேஷக்காரன் திரைக்குப் பின்னால வந்து நின்னுட்டான், கட்டியங்காரன் என்னா பண்ணுவான் ஒங்க மிஷின்ல?"

அடுத்த இருபது நிமிஷம் தாத்தாவும் பேரனும்தான் பேசினார்கள். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன்.

ஒரு நிரல் திறக்கும்போது, எனக்கு ஒரு ஜன்னல் வேண்டும், அதைத் திரையில் காட்டு என்று சர்வரிடம் கேட்கிறது. சர்வர் உடனே காட்டுவதில்லை. இங்கே யாராவது மேலாளராகப் பதிவு செய்திருக்கிறார்களா என்று பார்க்கிறது. இருந்தால் கோரிக்கையை அவரிடம் தள்ளிவிடுகிறது. விண்டோ மேனேஜர் ஒரு இடம் பார்க்கிறது, அளவு பார்க்கிறது, சுற்றிலும் சட்டமும் மேலே பட்டையும் மாட்டுகிறது, பிறகு சர்வரிடம், ஆகட்டும், காட்டு என்கிறது. நாம் பார்க்கிற அந்த மேல்பட்டை நிரலுடையது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அது மேனேஜர் மாட்டியது. இப்போது சில நிரல்கள் தம் பட்டையைத் தாமே வரைந்துகொள்கின்றனவாம்.

பெருக்கல் குறியை அமுக்கினால் மேனேஜர் அந்த நிரலைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதில்லை. மூடச் சொல்கிறார்கள் என்று ஒரு செய்தி மட்டும் அனுப்புகிறது. அதனால்தான் நிரல் நம்மிடம், சேமிக்கட்டுமா என்று கேட்டுவிட்டு மூடுகிறது. "நானும் வேஷக்காரனை வெரட்ட மாட்டேன். அவன் பாட்டை முடிக்கவுட்டுத்தான் போகச் சொல்லுவேன்" என்றார் அண்ணன்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. விண்டோ மேனேஜர் ஏதோ மேலிடத்து அதிகாரி இல்லை. நோட்பேட் மாதிரி அதுவும் ஒரு சாதாரண நிரல்தான். சர்வரிடம் முதலில் போய், ஜன்னல் விவகாரமெல்லாம் என்னிடம் அனுப்பு என்று கேட்டு வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். அந்த உரிமை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும். இன்னொருவர் வந்து கேட்டால், ஏற்கெனவே ஆள் இருக்கிறார் என்று சர்வர் மறுத்துவிடும். கட்டியங்காரனும் அப்படித்தானே? அவனும் அதே கொட்டகையில், அதே அரிதாரத்தைப் பூசிக்கொண்டு வந்த வேஷக்காரன்தான். அவனுக்கென்று தனி சம்பளமா, தனி சாப்பாடா?

"நடுராத்திரி கட்டியங்காரன் மயக்கம் போட்டு வுழுந்துட்டா?" என்று பேரன் கேட்டான்.

"வுழுந்திருக்கான். ஒருவாட்டி எனக்கே பித்தம் ஏறி வுழுந்துட்டேன். களத்துல நின்னவங்க நின்ன எடத்துலயே நின்னாங்க. யாரு எப்பப் பாடறது, எந்தப் பக்கம் போறதுன்னு தெரியல. பாட்டு மறக்கல. புதுசா வந்தவன் திரை இல்லாம நேரா உள்ள வந்து ஒரு மூலையில நின்னுட்டான்."

கேட்டீர்களா? நான் பார்த்த திரையும் அதேதான். சட்டம் போயிற்று, ஜன்னல் நின்ற இடத்தில் நின்றது, அடித்த எழுத்து அழியவில்லை. எழுத்தை எந்த ஜன்னலுக்குக் கொடுப்பது என்று சொல்ல ஆள் இல்லாததால் அம்பு எதன்மேல் இருக்கிறதோ அதற்குக் கொடுத்தது சர்வர். பெயர் கேட்ட பெட்டிக்கு இடம் பார்க்க ஆள் இல்லாததால் அது இடது மேல்மூலையில் போய் நின்றது. சர்வரின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது, சைபர், சைபர்.

மறுபடி ஆளை எழுப்பியதும் வேடிக்கைதான். கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 1 மூன்றையும் சேர்த்து அடிக்கச் சொன்னான். திரை முழுக்கக் கறுத்துவிட்டது. "போச்சுடா" என்றேன். போகவில்லை. அது வேறொரு அறை மாதிரி, எழுத்து மட்டும் உள்ள திரை. அங்கே என் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல ஒரு வரி அடித்தேன். பிறகு கன்ட்ரோல், ஆல்ட், எஃப் 7. பழைய திரை வந்தது. எழுத்தைச் சுற்றிச் சட்டம் பழையபடி நின்றது. மேனேஜர் விழுந்தால் தானே எழுப்பிவிடும் காவல்காரன் ஒன்று வழக்கமாக இருக்குமாம். எடையைக் குறைக்க வேண்டும் என்று அவன் கழித்துவிட்ட சமாச்சாரம் அதுதான். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது சேர்த்துவிட்டுப் போனான்.

இதை எதற்கு இப்படித் தனித்தனி ஆளாக வைத்தார்கள்? எனக்கு ஆபீஸ் புத்தி. ஒரு வேலையை மூன்று சீட்டுக்குப் பிரித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று பிறகு தேடிப் படித்தேன்.

எக்ஸ் பிறந்தது 1984இல், எம்.ஐ.டி.யில். எம்.ஐ.டி. என்றால் நம் எல்லாருக்கும் குரோம்பேட்டைதான் ஞாபகம் வரும். இது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருப்பது. அங்கே மாணவர்களுக்காக 'அதீனா' என்ற பெயரில் ஒரு கணினித் திட்டம் நடந்தது. ஒரு கம்பெனி இயந்திரம் இல்லை, பல கம்பெனி இயந்திரங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஜன்னல் திறக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்த 'டபிள்யூ' என்ற பழைய ஏற்பாட்டை எடுத்துத் திருத்தி, பாப் ஷைஃப்லர் என்பவர் புதிதாக எழுதினார். டபிள்யூவுக்கு அடுத்த எழுத்து என்பதால் எக்ஸ். 1987 செப்டம்பரில் அதன் 11ஆம் பதிப்பு வந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ திருத்தங்கள், ஆனால் 12 என்று ஒன்று வரவேயில்லை. என் மேசையில் இருந்ததும் அதே 11தான்.

அதைச் செய்தவர்கள் ஒரு கொள்கை வைத்திருந்தார்கள். வரைய, வாங்க, காட்ட வசதி மட்டும் நாங்கள் தருவோம். எது எங்கே இருக்க வேண்டும், பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அது அந்தந்த ஊர் வழக்கம். அதனால் சட்டம் போடும் வேலையை வெளியே விட்டுவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் தமக்குப் பிடித்த மேனேஜரை எழுதிக்கொள்ளலாம். 1987இலேயே டாம் லஸ்ட்ரேஞ்ச் என்பவர் ஒன்று எழுதினார். 'டி.டபிள்யூ.எம்.' என்று பெயர், அந்த டி முதலில் அவர் பெயரின் டிதான். அதன்பின் எத்தனையோ. களம் ஒன்று, கட்டியங்காரன் ஊருக்கு ஒருவன்.

இன்னொரு விஷயம் முதலில் எனக்குத் தலைகீழாகப் பட்டது. சர்வர் என்றால் எங்கோ குளிர்சாதன அறையில் இருக்கும் பெரிய இயந்திரம் என்றுதான் நாம் கேட்டிருக்கிறோம். இங்கே சர்வர் நம் மேசைமேல் இருக்கிறது. ஏனென்றால் திரையும் விசைப்பலகையும் அதன் வசம். அவற்றைக் கேட்டு வரும் நிரல்தான் வாடிக்கையாளர். அந்த நிரல் இதே இயந்திரத்தில் ஓடலாம், அடுத்த கட்டடத்தில் இருக்கும் இன்னொரு இயந்திரத்திலும் ஓடலாம். நம் ஓட்டலில் சர்வர் என்று யாரைச் சொல்கிறோமோ அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. நம் மேசைக்குக் கொண்டுவந்து வைப்பவர்தான் சர்வர்.

இப்போது காலம் மாறுகிறது. 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்பவர் 'வேலண்ட்' என்று புதிய ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார். அதுவும் மாசசூசெட்ஸில் ஒரு ஊரின் பெயர்தான். அதில் சர்வரும் விண்டோ மேனேஜரும் ஒரே ஆள். 'காம்போசிட்டர்' என்கிறார்கள். களத்துச் சொந்தக்காரனே கட்டியங்காரனும். இதற்கும் காரணம் உண்டு. எக்ஸில் ஒரு களத்தில் நிற்பவர்களுக்குள் மறைவு என்பதே கிடையாது. நான் பாங்க் கடவுச்சொல்லை ஒரு ஜன்னலில் அடித்தால், பக்கத்து ஜன்னலில் இருக்கும் கெட்ட நிரல் நினைத்தால் ஒட்டுக்கேட்கலாம். 1984இல் ஒரு கல்லூரிக்குள் அது பெரிய கவலை இல்லை. பென்ஷன் பணத்தை இணையத்தில் பார்க்கும் நமக்குக் கவலைதான். வேலண்டில் அவரவர் எழுத்து அவரவருக்கு மட்டும். தவிர, ஒவ்வொன்றுக்கும் சர்வரிடமிருந்து மேனேஜருக்கும் மேனேஜரிடமிருந்து சர்வருக்கும் ஃபைல் போய்வரும் தாமதமும் இல்லை.

ஆனால் அந்த ஒரே ஆள் விழுந்தால், பொதுவாகக் களமும் சேர்ந்து போய்விடும். வேஷக்காரர்களும் போய்விடுவார்கள். விழுந்தாலும் நிரல்கள் பிழைத்திருக்க வழி செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பேரன் சொல்கிறான். போன வருஷம் அவன் மாற்றிக் கொடுத்த புதிய மடிக்கணினியில் வேலண்ட்தான். வேகமாக, நன்றாக இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பௌர்ணமி ராத்திரி இது இருந்திருந்தால் என் கதி என்ன என்றுமட்டும் சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

நண்பர்களுக்கு என் அனுபவத்தில் ஒரு யோசனை. எழுத ஆரம்பிக்கும்போதே கோப்புக்குப் பெயர் வைத்துவிடுங்கள். திரையில் ஏதாவது கோணலானால் உடனே பவர் பட்டனுக்குப் போகாதீர்கள். சட்டம் போனால் உள்ளே இருப்பதும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். தெரிந்தால், அம்பை அதன்மேல் வைத்துச் சேமிக்கப் பாருங்கள். தெரிந்தவருக்குப் போன் செய்வதும் அதற்குப் பிறகுதான்.

அன்று ராத்திரி போனை வைத்த பிறகு பத்து மணி இருக்கும். கிரிவலக் கூட்டம் குறையவில்லை. அண்ணன் முகத்தில் கூத்து முடிந்த காலைக்களை. நான் 1979ஐச் சொல்லிவிட்டேன். ஆபீசில் ஒருத்தர் கேட்டார், நான் இல்லை என்று சொல்லிவிட்டேன் என்று. அண்ணன் சுவர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே, "தெரியும்டா. அந்தாளு அடுத்த வாரமே எங்கிட்ட வந்து சொல்லிட்டான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நான் களத்துல நாலு பேரைச் சிரிக்க வெக்கறதுக்காக ஒன்னை வெச்சே ஒரு நக்கல் அடிச்சேன். ஆபீசரு தம்பின்னு. அதையும் எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டேன். உடனே சேமித்தேன்.

மொத்தம் பதினாலு பக்கம் வந்தது. அச்செடுத்துப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னார். அந்த மார்கழியில் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் ஜமாவில் மத்தளம் அடித்த பெரியவர் ஒருவர், கண் தெரியாதவர், பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முன்னறையில் உட்காரவைத்து அந்தப் பதினாலு பக்கத்தையும் படித்தேன். துரியோதனன் வருகிற இடத்தில் அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. யார் எழுதியது என்று கேட்டார். கட்டியங்காரர் சொன்னது, தம்பி நான் எழுதினேன் என்றேன். வந்திருந்த பழைய ஆபீஸ் நண்பர்கள் நாலு பேரும் அப்போது அங்கேதான் இருந்தார்கள்.

பேரன் வரும்போதெல்லாம் கேட்பான், கோப்புக்கு ஒரு நல்ல பெயர் வைத்துவிடலாமே தாத்தா என்று. வேண்டாம் என்றுவிட்டேன். இரண்டு மடிக்கணினி மாறிவிட்டது. அதன் பெயர் இன்றும் 123தான்.